மூணாவது டைனமோ வாங்கறதுக்கு முன்னாடி

பூஜா லீவுக்குப் பழைய ஃபோர் வீல் டிரைவ் பொலேரோ, சுமோவில் டார்ஜிலிங் கிளம்பற பவானிபூர் நண்பர்களே, ஒரு நிமிஷம்.

ஒரே வருஷத்தில் ரெண்டு ஆல்டர்னேட்டர் போச்சுன்னா, மூணாவது வாங்க மல்லிக் பஜாருக்கு ஓடாதீங்க. இந்த மாதிரி பழைய டீசல் வண்டி பலதில் பிரேக்குக்கான வேக்கம் பம்ப் ஆல்டர்னேட்டர் முதுகிலேயே உட்கார்ந்திருக்கும். நடுவில் இருக்கிற சீல் தேஞ்சா இஞ்சின் ஆயில் உள்ளே இறங்கி கார்பன் பிரஷ்ஷைக் கெடுத்துடும். சீலை மாத்தலைன்னா புதுசுக்கும் அதே கதிதான்.

அடுத்து எர்த் வயர். இஞ்சின் ஓட, ஹெட்லைட் எரிய, பேட்டரி மைனஸுக்கும் இஞ்சின் பாடிக்கும் நடுவில் மீட்டர் வைங்க. 0.2 வோல்ட்டைத் தாண்டினா வயரைக் கவனிங்க.

செலவு மட்டும் பிரச்சினை இல்லைங்க. பெல்ட் அறுந்தா பம்ப்பும் நிக்கும். குர்சியாங் இறக்கத்தில் ரெண்டு மூணு மிதிக்கப்புறம் பிரேக் கல்லாயிடும், பின்சீட்டில் குழந்தைங்க.

அதனால, கழட்டின பழசைப் பிரிச்சுக் காட்டச் சொல்லி மெக்கானிக்கிட்ட அடம்பிடிங்க.