போன் வாங்குவதற்குப் புத்தி வேண்டாமா?

நமது மக்கள் கத்தரிக்காய் வாங்கப் போனால் ஒவ்வொரு காயாகப் புரட்டிச் சொத்தை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். மாடு பிடிக்கப் போனால் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார்கள்; நடக்கவிட்டுக் காலைப் பார்க்கிறார்கள். (அதோடு நில்லாமல் சுழியையும் பார்த்து நல்ல மாட்டை விட்டுவிட்டு வருகிறவர்களும் உண்டு என்பது வேறு விஷயம்.) ஆனால் அதே மனிதர்கள் ஒரு கன்றுக்குட்டியின் விலையைக் கொட்டிக் கொடுத்து ஸ்மார்ட்போன் வாங்கப் போகும்போது மாத்திரம் ஒன்றையும் பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரன் கையில் இருப்பது எதுவோ, சினிமா நடிகர் விளம்பரத்தில் காட்டுவது எதுவோ, கடைக்காரன் எடுத்து நீட்டுவது எதுவோ அதுவே நல்ல போன் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். சிலர் வாங்குவதற்கு ராகுகாலம் மாத்திரம் பார்க்கிறார்கள். ராகுகாலம் கழித்து வாங்கிய போன் எதுவும் இதுவரையில் கீழே விழுந்து உடையாமல் இருந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

இந்தியாவில் முதன்முதல் செல்போனில் பேசியது 1995-ம் வருஷம் ஜூலை 31-ந் தேதி, அன்றைய மேற்கு வங்க முதல் மந்திரி ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து டில்லியிலிருந்த மத்திய மந்திரி சுக்ராமோடு பேசியதாகும். அந்தக் காலத்தில் அது பணக்காரர் சாமான். கூப்பிடுகிறவனுக்கும் காசு, கூப்பிடப்பட்டவனுக்கும் காசு. இன்று அப்படியல்ல. கூலி விழுந்த சேதி, பிள்ளையின் பள்ளிக்கூடச் சேதி, பாங்கிச் சேதி எல்லாம் போனில்தான் வருகின்றன. ஆகவே ஏழைக்குப் போன் எதற்கு என்று கேட்கும் கனவான்களோடு சேர்ந்துகொண்டு நாமும் அது ஆடம்பரமென்று சொல்ல வரவில்லை. அவசியம் என்றேதான் சொல்லுகிறோம். அவசியமான சாமானை நம்மவர்கள் ஆடம்பரச் சாமான் வாங்குவதுபோல் வாங்கிக் கடனாளியாகிறார்களே என்பதுதான் நமது வருத்தம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 2025-26-ம் வருஷத்திற்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். நூறு நாளும் ஒன்றுகூடத் தப்பாமல் வேலை கிடைத்ததாகவே வைத்துக்கொண்டாலும் வருஷத்திற்கு 33,600 ரூபாய். கடையில் "நடுத்தர விலைப் போன்" என்று சொல்லி எடுத்துக் காட்டுகிறார்களே, அதன் விலை ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது ஒரு மனுஷி நூறு நாள் வெயிலில் மண் சுமந்த கூலி முழுவதும் உள்ளங்கை அகலக் கண்ணாடி ஒன்றுக்குப் போய்விடுகிறது. அவளுக்கு வேண்டிய வேலைகளை அதில் மூன்றில் ஒரு பங்கு விலையுள்ள போனே செய்யுமானால், மீதி மூன்றில் இரண்டு பங்கு எதற்காகக் கொடுக்கப்பட்டது? ஊரார் பார்ப்பதற்காக. வேறு காரணம் இருந்தால் யாராவது சொல்லட்டும்.

கடைக்குள் கால் வைக்கும் முன்பே வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டிய விஷயம், இந்தப் போனை வைத்துக்கொண்டு யார் என்ன வேலை செய்யப் போகிறார் என்பதாகும். கண் மங்கிய கிழவர் ஒருவர் மகனோடு பேசவும் மருத்துவமனைக்குக் கூப்பிடவும் மாத்திரம் வேண்டுமென்றால் பட்டன் போனே போதும். சத்தம் உரக்கக் கேட்கும், ஒரு தரம் சார்ஜ் போட்டால் பல நாள் நிற்கும். பட்டன் போனில் பணம் அனுப்ப முடியாதே என்று சொல்லுவார்கள். முடியும். 2022 மார்ச்சில் ரிசர்வ் பாங்கி ஆரம்பித்து வைத்த யுபிஐ 123பே என்ற முறை அதற்காகவே ஏற்பட்டது. ஆனால் ஒன்று: ஜியோ சிம் போடுவதானால் 4ஜி உள்ள பட்டன் போனாகப் பார்த்து வாங்கவேண்டும். ஜியோவுக்கு 2ஜி கிடையாது.

வயலிலும் ரோட்டிலும் வேலை செய்கிறவருக்கு வேண்டியது, உச்சி வெயிலில் எழுத்துத் தெரிகிற திரையும் பொழுது சாயும் வரை நிற்கிற பேட்டரியும். ஆகையால் குளிர்சாதனக் கடைக்குள்ளேயே பார்த்துவிட்டு வராமல், போனைக் கையில் வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்து வெயிலில் பிடித்துப் பார்க்க வேண்டும். சேலைகளைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டு விற்கும் சகோதரிக்குக் கேமராவுக்காகச் சற்று அதிகம் கொடுப்பது நியாயமே, ஏனெனில் அது அவருக்குத் தொழிற்கருவி. கல்லூரிப் பிள்ளைக்கு இடம் தாராளமாக வேண்டும். 5ஜி வேண்டுமா என்றால், 2022 அக்டோபர் முதல் தேதி நம் நாட்டில் அது தொடங்கியது முதல் அந்த எழுத்தைக் காட்டி விற்பது வழக்கமாகிவிட்டது. நமது வீட்டில், நமது வேலை இடத்தில் அது எட்டுகிறதா என்று 5ஜி வைத்திருப்பவரை விசாரித்துக்கொண்டு பிறகு அதற்குப் பணம் கொடுக்கலாம்.

இவ்விடத்தில் பெண்மக்கள் சங்கதியைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. நமது குடும்பங்களில் போன் பங்கிடப்படுகிற முறையும் சோறு பங்கிடப்படுகிற முறையும் ஒன்றாகவே இருக்கின்றன. புதுப் போன் மகனுக்கு. அவன் கழித்த போன் தகப்பனாருக்கு. கண்ணாடி விண்டு, பேட்டரி உப்பி, மூடி திறந்துகொண்ட மூன்றாவது போன் தாயாருக்கு. (உப்பின பேட்டரி தீப்பிடிக்கக் கூடியது. அதை அடுப்பங்கரையில் வைத்திருக்கும்படி அவளுக்குக் கொடுக்கிறோம்!) மருமகளுக்கு அதுவும் இல்லை. 2023 செப்டம்பர் 15-ந் தேதி தொடங்கப்பட்ட மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் பெண்கள் பெயரிலேயே பாங்கிக் கணக்கில் சேரும்படி ஏற்பாடு செய்யப்பட்டது. கணக்கு அவள் பெயரில். பணம் விழுந்த சேதி புருஷன் போனுக்கு. எடுப்பதற்கான ஓடிபி எண்ணும் புருஷன் போனுக்கு. ஓடிபி யார் போனுக்கு வருகிறதோ அவரே அந்தப் பணத்திற்கு எஜமானர் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆகவே ஒரு வீட்டில் 25,000 ரூபாய் போனுக்கென்று இருக்குமானால், ஆண்பிள்ளைக்கு 25,000-த்தில் ஒன்று வாங்குவதைவிட, ஆளுக்கு ஒன்றாக இரண்டு சாதாரணப் போன்கள் வாங்கி, அவளுடைய கணக்கில் அவளுடைய எண்ணையே பதிவு செய்து கொடுப்பதே யோக்கியமான காரியம் என்பது நமது அபிப்பிராயம். இதைப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளும் தோழர்கள், முதலில் தங்கள் வீட்டு அம்மாள் கையில் இருக்கும் போனை ஒரு தரம் வாங்கிப் பார்க்கட்டும்.

நிற்க, கடையில் நடக்கும் வேடிக்கைக்கு வருவோம். சென்னிமலைப் பக்கத்துத் தறிக்கார நண்பர் ஒருவர், கல்லூரியில் சேர்ந்த தமது மகளுக்குப் போன் வாங்க நம்மையும் துணைக்கு அழைத்துப் போனார். கடைப் பையன் ஒரு பெட்டியை எடுத்து வைத்து, "அண்ணா, இது பதினாறு ஜிபி ரேமுங்க, இந்த விலைக்கு வேற எங்கயும் கெடைக்காதுங்க" என்றான். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் 8+8 என்று போட்டிருந்தது. அதாவது உண்மையான ரேம் எட்டுத்தான். மற்ற எட்டு, படங்களும் பாட்டுகளும் வைக்கும் சேமிப்பு இடத்திலிருந்து கடன் வாங்கிக்கொள்வது. சேமிப்பு இடம் ரேமைப்போல் வேகமாக வேலை செய்யாது. சமையல் மேடை சின்னதாயிருக்கிறது என்று சொன்னால், பரணையும் சேர்த்து அளந்து மேடை பெரிது என்று கணக்குச் சொல்லுவது போன்றதே இது. பையன் பொய் சொன்னான் என்று நாம் சொல்லவில்லை. அவனுக்கும் அப்படியே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

கேமரா விஷயமும் இப்படியே. ஐம்பது மெகாபிக்சல் என்பார்கள். எடுத்த படத்தின் அளவைப் பார்த்தால் பெரும்பாலும் பன்னிரண்டரை மெகாபிக்சல்தான் இருக்கும். நான்கு சிறு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு புள்ளியாக்குவதால் அப்படி ஆகிறது. இருட்டில் வெளிச்சம் சேர்க்க அது நல்ல முறையே. ஆனால் ஐம்பது என்ற எண்ணைக் கேட்டு வாய் பிளக்க அதில் ஒன்றுமில்லை. முதுகில் மூன்று கண் நான்கு கண் வைத்திருக்கும் மலிவுப் போன்களிலோ, ஒரு கண்தான் வேலை செய்யும். மற்றவை இரண்டு மெகாபிக்சல் பேர்வழிகள், எண்ணிக்கைக்காக உட்கார்ந்திருப்பவர்கள். சாதாரண உபயோகத்திற்கு நிஜமான ரேம் ஆறு ஜிபியும், சேமிப்பு 128 ஜிபியும் இருந்தால் தாராளம். 64 ஜிபி என்பது தினம் வரும் "காலை வணக்கம்" பூப்படங்களுக்கே போதாது.

இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒன்றைக் கடையில் யாரும் கேட்பதுமில்லை, சொல்லுவதுமில்லை. போனுக்கும் ஆயுசு உண்டு. ஜாதகம் எழுதாமலே அதன் ஆயுசைக் கம்பெனிக்காரன் முன்கூட்டியே சொல்லிவிடுகிறான். எத்தனை வருஷம் மென்பொருளும் பாதுகாப்புத் திருத்தங்களும் அனுப்புவான் என்பதே அந்த ஆயுசு. அது நின்ற பிறகு போன் பார்வைக்குப் புதிதாகவே இருக்கும். ஆனால் திருடர்களுக்குத் திறந்த வீடாகிவிடும். நாளடைவில் செயலிகளும் ஒவ்வொன்றாகக் கைவிடும். ஆண்டிராய்டு 5-க்குக் கீழ்ப்பட்ட போன்களை வாட்ஸ்அப் 2025 ஜனவரியோடு கைவிட்டது. நாமே 2019-ல் மலிவாயிருக்கிறதென்று ஒன்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு போன் வாங்கி ஏமாந்தோம். கம்பெனியின் பெயர் வேண்டாம். இரண்டு வருஷத்தில் திருத்தங்கள் நின்றன. பிறகு பாங்கிச் செயலி அதில் ஓடமாட்டேன் என்றது. அதை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டதற்குப் புதிது வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

இதில் கம்பெனிக்குக் கம்பெனி எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். 2023 அக்டோபரில் வந்த கூகிள் பிக்சல் 8-க்கும், 2024 ஜனவரியில் வந்த சாம்சங் எஸ்24-க்கும் ஏழு வருஷம் என்றார்கள். இவை பணக்காரர் போன்கள். ஆனால் அதே 2024-ல் வந்த சாம்சங் ஏ16 5ஜி என்ற குறைந்த விலைப் போனுக்கும் ஆறு வருஷம் சொன்னார்கள். ஆகவே மலிவான போனுக்கு ஆயுசு கொடுக்க முடியாது என்பது புரட்டு. ஐரோப்பிய யூனியனில் 2025 ஜூன் 20 முதல் அமலுக்கு வந்த சட்டப்படி, ஒரு மாதிரியின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து வருஷம் மென்பொருள் கொடுக்க வேண்டும். பேட்டரி 800 தரம் சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் நூற்றுக்கு எண்பது பங்கு சக்தி நிற்க வேண்டும். உதிரிச் சாமான்கள் ஏழு வருஷம் கிடைக்க வேண்டும். வெள்ளைக்காரன் தேசத்தில் கட்டாயமாயிருப்பது நமக்கு மாத்திரம் தயவாக இருப்பானேன்? நமது சர்க்காரிடம் இதைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. சட்டம் வரும்வரை நாமாவது விலையை வருஷத்தால் வகுத்துப் பார்க்கலாம். 9,000 ரூபாய் போன் இரண்டு வருஷமானால் வருஷத்திற்கு 4,500. 15,000 ரூபாய் போன் ஆறு வருஷமானால் வருஷத்திற்கு 2,500. எது மலிவு?

ஆறு வருஷத்தில் நடுவே ஒரு தரம் பேட்டரி மாற்ற வேண்டிவரும். ஆகவே அந்தக் கம்பெனியின் சர்வீஸ் கடை பஸ் ஏறிப் போய்வரும் தூரத்தில் இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். பெட்டியில் சார்ஜர் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சில கம்பெனிகள் அதை எடுத்துவிட்டுத் தனியாக விற்கின்றன. தண்ணீரில் விழுந்தாலும் கெடாது என்று எண் போட்டிருந்தாலும், தண்ணீர் புகுந்து கெட்டால் வாரண்டி உண்டா என்று கேட்டால் அநேகமாக இல்லை என்பார்கள்.

இனித் தவணை. "வட்டியில்லாத் தவணை" என்று பலகை தொங்காத கடையில்லை. 2013 செப்டம்பர் 17-ந் தேதி ரிசர்வ் பாங்கி பாங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், வட்டியே இல்லாத கடன் என்பது கிடையாது, வட்டியைக் கட்டணம் என்ற பேரில் மறைத்து வாங்குகிறார்கள் என்று கண்டித்திருக்கிறது. இப்போது செய்வது என்னவென்றால், ரொக்கம் கொடுப்பவருக்குத் தள்ளிக் கொடுக்கக்கூடிய தொகையைத் தவணைக்காரருக்குத் தள்ளாமல் வட்டிக்கு ஈடு கட்டிவிடுகிறார்கள். அதன்மேல் கோப்புக் கட்டணம்; கிரெடிட் கார்டுத் தவணையானால் வட்டிக்கு ஜி.எஸ்.டி. வேறு. ஆகையால் கடையில் கேட்க வேண்டியது, "ரொக்கமாக வைத்தால் என்ன விலை? தவணையில் கடைசிக் காசுவரை மொத்தம் எவ்வளவு?" என்பதே. இரண்டு பதிலையும் காகிதத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதச் சொன்னவுடனே விலை குறைகிற அதிசயத்தை நாம் கண்ணாரக் கண்டோம்.

பழைய போன் வாங்குவதில் கேவலம் ஒன்றுமில்லை. திருட்டுப் போன் வாங்கிவிடக் கூடாது என்பதே கவனிக்க வேண்டியது. போனில் *#06# என்று அடித்தால் பதினைந்து இலக்க எண் ஒன்று வரும். கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துக்களை அடித்து, இடம் விட்டு அந்த எண்ணையும் அடித்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் அது எந்தக் கம்பெனியின் எந்த மாதிரி, தடை செய்யப்பட்டதா என்று பதில் வந்துவிடும். பில் இல்லை என்கிறவரிடம் எவ்வளவு மலிவாயிருந்தாலும் வாங்க வேண்டாம். புதுப் போன் விற்ற கடைக்காரர் ஏமாற்றினால் 1915 என்ற நுகர்வோர் எண்ணுக்குக் கூப்பிட்டுச் சொல்லலாம்.

நமது தறிக்கார நண்பர் 28,000 ரூபாய் போனைத் தவணையில் எடுப்பதென்று வந்தவர், கடைசியில் 14,000 ரூபாய்க்குள் ஆறு வருஷ ஆயுசுள்ளதொன்றை ரொக்கமாக வாங்கினார். மகள் முகம் முதலில் கொஞ்சம் சுருங்கினது உண்மை. கூடப் படிக்கும் பெண்கள் கையில் வேறு மாதிரி இருக்கிறதாம். மிச்சத்தில் ஒரு பகுதியைக் கொண்டு தாயாருக்கும் ஒரு சிறிய போன் வாங்கலாம் என்று சொன்னதும் அவளே பெட்டிகளைப் புரட்டித் திருத்த வருஷத்தைத் தேட ஆரம்பித்தாள். மறுவாரம் தாயும் மகளுமாகப் பாங்கிக்குப் போய்க் கணக்கில் எண்ணை மாற்றிவிட்டு வந்ததாகவும், முதல் சேதி வந்தபோது அந்த அம்மாள் அதை மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டதாகவும் நண்பர் சொன்னார்.