அனுமதி நோயைத் தீர்க்குமா?

அண்மையில் நம் பங்கின் இளைஞர் கூட்டத்தில் கல்லூரி மாணவர் ஒருவர் எழுந்து வினவினார்: "சுவாமி, கஞ்சாவுக்குத் தடை உண்டு, ஆயினும் அது கிடைக்கிறது. தடையை நீக்கிவிட்டால் கள்ள வாணிபமாவது ஒழியும் அல்லவா?"

இவ்வினாவை நகைத்து ஒதுக்குதல் முறையன்று. இதில் பாதி உண்மை உண்டு. மறுபாதியை முதலில் ஆராய்வோம்.

மதுவைப் பொறுத்தவரை, இச்சோதனையை நம் தமிழகமே செய்து பார்த்துள்ளது. 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் பரவிற்று. 1971இல் அது தளர்த்தப்பட்டபோது, மதுக்கடையையே கண்டிராத ஒரு தலைமுறை இங்கு வளர்ந்திருந்தது. அதன் கண்முன் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் திறந்தன. 1974இல் அதே அரசு மீண்டும் தடை விதித்தது. 1981இல் கடைகள் மறுபடியும் திறந்தன. 2003 முதல் சில்லறை விற்பனையையும் அரசு நிறுவனமே நடத்துகிறது.

விளைவை நம் குடும்பங்கள் நன்கறியும். ஒரு பொருள் அருகில் வந்து, அச்சமும் நாணமும் அகன்றால், அதைச் சுவைத்துப் பார்ப்போர் பெருகுவர். சுவைப்போர் பெருகின், அவருள் அடிமையாவோரும் பெருகுவர். கள்ளச் சாராயமாவது ஒழிந்ததா? அரசுக் கடைகள் திறந்திருந்த காலத்திலேயே, 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது.

ஆயின் மாணவர் கூற்றில் உண்மை எது? சிறை நோயைக் குணப்படுத்தாது என்பதே. நாம் அறிந்த தாய் ஒருத்தி, மகன் கஞ்சாவுக்கு அடிமையானதை அறிந்தும், காவலருக்கு அஞ்சி ஈராண்டு எவரிடமும் கூறாது மறைத்தாள். நம்மிடம் கூறவும் அவளுக்குத் துணிவு வரவில்லை. பங்குத்தந்தையின் கண்டிப்புக்கும் அவள் அஞ்சினாள் என்பதைப் பின்னர் அறிந்து நாம் வெட்கினோம்.

போர்த்துக்கல் நாடு 2001 முதல், தன் தேவைக்கெனச் சிறிதளவு போதைப்பொருள் வைத்திருப்போரைச் சிறைக்கு அனுப்பாது, சட்டமும் மருத்துவமும் சமூகப்பணியும் அறிந்த குழுவின்முன் நிறுத்துகிறது. அதைக் காட்டி, அங்கு எல்லாம் அனுமதிக்கப்பட்டதென்பர் சிலர். அது பிழை, விற்பனை அங்கும் குற்றமே. நம் நாட்டிலும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவு, சிறிதளவே வைத்திருந்த அடிமை தானே முன்வந்து, அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் சிகிச்சையை முழுமையாகப் பெறுவானாயின், அவனுக்கு வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. அத்தாய் இதை அறிந்திருந்தால் ஈராண்டு வீணாகியிராது.

ஆகவே, அடிமைப்பட்டவன்மீது இரக்கம் கொள்வது வேறு. அவனை அழிக்கும் பொருளுக்கு உரிமம் வழங்குவது வேறு. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2024 ஜூன் 26 அன்று, போதைப்பொருளைத் தாராளமாக்குவதால் அடிமைத்தனம் குறையாது எனத் தெளிவாக உரைத்தார். துன்புறுவோரைப் பரிவுடன் அணுகுமாறும் அவரே வேண்டினார்.

ஊதாரி மைந்தனின் தந்தையை நினைவிற் கொள்வோம். தூர தேசத்தில் சீரழிந்த மகனுக்கு அவர் மேலும் பணம் அனுப்பவில்லை. ஆயினும் வீட்டின் கதவைத் தாழிடவும் இல்லை. நம் இல்லங்களின் கதவும், நம் பங்கு இல்லத்தின் கதவும் அவ்வாறே திறந்திருக்கட்டும்.