சூதானம் என்றால் சூது இல்லை, ஐயா

என் சிறுகதை ஒன்று போன வருடம் ஓர் இதழில் வந்தது. ஒரே ஒரு சொல்லை மாற்றியிருந்தார்கள். நான் எழுதியது, 'அப்பாயி சூதானமானவள்.' அச்சில் வந்தது, 'அப்பாயி தந்திரமானவள்.' ஆசிரியரிடம் கேட்டேன். பொறுமையாகத்தான் விளக்கினார்: சூதானம் கொச்சை, மதுரைப் பக்கத்துப் பேச்சு, மலேசிய வாசகருக்குப் புரியாது, போதாததற்கு அதில் 'சூது' வேறு இருக்கிறது. சூதுக்குப் பயந்தவர் தந்திரத்தைப் போட்ட கணக்கு எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

சூதானமா இரு என்றால் யாரையும் ஏமாற்று என்று அர்த்தமில்லை. ஏமாந்துவிடாதே என்று அர்த்தம். 'சாவதானம்' திரிந்து சூதானம் ஆனது என்பார்கள். அப்படியானால் இன்னும் வேடிக்கை. வடமொழியில் சாவதானம் என்றால் கவனம். நாம் 'சாவதானமாக நடந்து வந்தான்' என்று எழுதி அதை ஆமை வேகமாக்கிவிட்டோம். மூலப்பொருளைக் காப்பாற்றி வைத்திருப்பது அந்தக் கொச்சைதான். சமர்த்து கதையும் இதேதான். திறமைசாலிக்கு உரிய சொல், சத்தம் போடாமல் சோறு சாப்பிடும் குழந்தைக்குப் போய்விட்டது. யாழ்ப்பாணத்தார் 'சுழியன்' என்று சொல்லும்போது அதில் திட்டும் உண்டு, செல்லமும் உண்டு. எது என்பதைச் சொல்பவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நானும் ஒருமுறை இப்படி மாட்டியிருக்கிறேன். பாயான் லெப்பாஸில் வேலை. இங்கிலாந்தின் நியூகாசலிலிருந்து வந்திருந்த ஒரு பொறியாளர், நான் சரிசெய்த மெஷினைப் பார்த்துவிட்டு என்னைக் 'கேனி' பையன் என்றார். அகராதியைத் திறந்தால் 'தந்திரமுள்ள' என்றிருந்தது. மதியம் முழுக்க அவரோடு பேசவில்லை. பிறகுதான் தெரிந்தது, ஸ்காட்லாந்தில் அந்தச் சொல்லுக்கு எச்சரிக்கையானவன், காசைப் பார்த்துச் செலவழிப்பவன் என்று பொருள். நியூகாசலில் வெறுமனே 'நல்ல பையன்'. 'அறிதல்' என்ற ஒரே வேரிலிருந்துதான் அதுவும் வந்தது, 'கன்னிங்' என்ற வசைச்சொல்லும் வந்தது. கன்னிங்கும் ஒரு காலத்தில் அறிவு, கைத்திறன் என்றுதான் இருந்தது.

சொல் கெட்டுப்போவதைப் பற்றிப் பினாங்குக்காரனுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. கலிங்கத்திலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் 'கெலிங்' இன்று நம்மைக் குத்தும் சொல். கப்பித்தான் கெலிங் மசூதியைத் தாண்டித்தான் நான் நாசி கண்டார் சாப்பிடப் போகிறேன்.

ஆனால் என் கோபம் சொற்பிறப்பைப் பற்றியது இல்லை. யாருடைய புத்திக்கு எந்தச் சொல் கிடைக்கிறது என்பதைப் பற்றியது. முதலைகளை எண்ணுவதாகச் சொல்லி வரிசையில் நிற்கவைத்து, அவற்றின் முதுகிலேயே ஆற்றைக் கடந்த சாங் கஞ்சிலை மலாய்ப் பிள்ளைகள் 'செர்டிக்' என்று படிக்கிறார்கள், கெட்டிக்காரன் என்று. பெரோடுவா 1994இல் தன் முதல் காருக்கே அந்தப் பெயரை வைத்தது. அது பொய் சொல்லித்தான் ஆற்றைக் கடந்தது. என் அப்பாயி பொய்கூடச் சொல்லவில்லை.

கெடாவில் பால்மரம் வெட்டியவள். எழுதப் படிக்கத் தெரியாது. சம்பளத் துண்டுகளை ஒன்றுவிடாமல் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவைப்பாள். தீபாவளிக்குத் தீபாவளி அந்த வருடத்துக் கட்டைத் தனியாக நூலால் கட்டிவிடுவாள். தோட்டம் கைமாறியபோது ஈட்டுத்தொகை கணக்குப் போட்ட கிராணி, பதினேழு வருசம்தான் என்றார். டின் மேசைக்கு வந்தது. இருபத்திரண்டு கட்டுகள். கிராணி எண்ணினார், மறுபடியும் எண்ணினார், பிறகு பக்கத்தில் இருந்தவரிடம், "கெழவி தந்திரக்காரி" என்றார். ஐந்து வருசத்தை முழுங்கப் பார்த்த அவரைத் தோட்டத்தில் எல்லாரும் கெட்டிக்காரர் என்றுதான் சொல்வார்களாம்.

"அவன் கெடக்குறான், நீ சூதானமா இருந்துக்க" என்பதுதான் அப்பாவிடம் அவள் சொன்னது. கதையின் கடைசி வரியும் அதுதான். ஆசிரியர் அதிலும் கைவைத்து 'எச்சரிக்கையாக இரு' என்று திருத்தியிருந்தார். லிஃப்ட் கதவில் ஒட்டுகிற வாசகம்.

ஐயா, உங்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்று தெரியும். கதையை முழுதாகப் படித்திருந்தால் அந்தக் கிராணி வாயில் என்ன சொல் இருந்தது என்று பார்த்திருப்பீர்கள். அதே சொல்லை எடுத்து, பேரன் எழுதிய கதையில், பேரன் சொல்வதாகவே அவள்மேல் ஒட்டிவிட்டீர்கள். தொகுப்பில் இரண்டு இடத்தையும் பழையபடி மாற்றுகிறேன். அடிக்குறிப்பு போடப்போவதில்லை.