எழுதுகோல் யார் பக்கம்?



சென்ற மாதம் ஒரு மாலை, பாடம் முடிந்து நூல்களை அடுக்கிக்கொண்டிருந்த வேளையில், மாணவர் ஒருவர் நாளிதழ் ஒன்றைக் கொண்டுவந்து என் முன் விரித்தார். அரைப் பக்க அளவில் ஒரு கைப்பேசியைப் பற்றிய கட்டுரை. "ஹஜ்ரத், இதைப் படித்துவிட்டுத்தான் துபாயில் இருக்கும் அண்ணனிடம் வாங்கி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நல்ல கைப்பேசிதானே?" என்று கேட்டார். கட்டுரையின் அடியில், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் மட்டுமே தெரியும் எழுத்தில், ‘விளம்பரம்’ என்றொரு சொல் இருந்தது. அதைச் சுட்டிக்காட்டினேன். அவர் முகம் வாடிவிட்டது. "அப்படியானால் இதை எழுதியவர் யார் பக்கம்?" என்றார்.

வாசகர்களே, இது சிறுபிள்ளைக் கேள்வி அன்று. துணியைத் தடவிப் பார்த்து வாங்குகிறோம். மாம்பழத்தை முகர்ந்து பார்த்து வாங்குகிறோம். புதிய மருந்தையும், கணிப்பொறியையும், அணு உலையையும் அவ்வாறு நம்மால் சோதிக்க இயலுமா? அறிந்தவர் எழுதுவதைப் படித்துத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. ஆகவே, அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் எழுதுவோரின் பேனா நம்மிடமிருந்து பெற்ற ஓர் அமானிதம். அதைக் காப்பது எவ்வளவு கடினம் என்பதை அமெரிக்காவில் தோன்றிய ஒரு சங்கத்தின் வரலாறு நமக்குக் காட்டுகிறது.

1934 ஆம் ஆண்டு, அறிவியல் செய்திகளை எழுதிவந்த பன்னிரண்டு பேர் நியூயார்க் நகரில் கூடி, ‘தேசிய அறிவியல் எழுத்தாளர் சங்கம்’ என்ற அமைப்பை நிறுவினார்கள். அறிவியலைப் பற்றிய சரியான செய்தியை மக்களுக்குக் கொண்டுசேர்ப்பதே அதன் நோக்கம். பிழையாக எழுதப்படுமோ என்று அறிஞர்கள் நிருபர்களிடம் பேசத் தயங்கிய காலம் அது. பத்திரிகை ஆசிரியர்கள் பலரும் அறிவியலை ஒரு வேடிக்கைச் செய்தியாகவே கருதினார்கள். இந்த இரு தரப்பாரிடமும் நம்பிக்கையைப் பெற வேண்டும் என்பதே அந்தப் பன்னிருவரின் கவலை.

மூன்றே ஆண்டுகளில் அதற்குப் பலன் கிட்டியது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முந்நூறாவது ஆண்டு விழாவில் நிகழ்ந்த அறிவியல் உரைகளை மக்களுக்குப் புரியும்படி எழுதியமைக்காக, 1937 இல் ஐந்து நிருபர்களுக்குப் புலிட்சர் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அவர்களுள் ஒருவர் நம் நாட்டவர்! 1889 இல் பிறந்து, 1912 இல் அமெரிக்கா சென்று, கதர் இயக்கத்தோடு தொடர்பு கொண்டு, பின்னர் அறிவியல் எழுத்தாளரான கோபிந்த் பிஹாரி லால்தான் அவர். புலிட்சர் பரிசு பெற்ற முதல் இந்தியர் அவரே. 1969 இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கிச் சிறப்பித்தது.

அந்த ஐவரில் மற்றொருவர், நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் வில்லியம் லாரன்ஸ். அணுவைப் பற்றி அவர் அளவுக்கு விளக்கமாக எழுதக்கூடிய நிருபர்கள் அன்று மிகச் சிலரே. அந்தத் திறமையே அவருக்குச் சோதனையாயிற்று.

1945 இல், அணுகுண்டுத் திட்டத்தின் தலைவரான ஜெனரல் குரோவ்ஸ், பத்திரிகையின் இசைவோடு லாரன்ஸைத் தம் பணிக்கு அழைத்துக்கொண்டார். பிறர் எவரும் நுழைய முடியாத ஆய்வுக்கூடங்கள் அவருக்குத் திறந்துவிடப்பட்டன. அரசு வெளியிடவேண்டிய அறிக்கைகளையும் அவரே எழுதிக்கொடுத்தார். ஆகஸ்டு 9 ஆம் நாள், நாகசாகி நகரின் மீது குண்டு வீசப்பட்டதை உடன் சென்ற விமானத்திலிருந்து கண்ணால் கண்டார். அவ்வாண்டு முடிவதற்குள் அந்நகரில் ஏறத்தாழ 70,000 உயிர்கள் மாண்டன என்பது ஒரு மதிப்பீடு.

அடுத்த மாதம் நடந்ததைக் கவனியுங்கள். வில்ஃப்ரட் பர்ச்சட் என்னும் ஆஸ்திரேலிய நிருபர் தனியாக ரயிலேறி ஹிரோஷிமாவுக்குச் சென்றார். உடலில் காயமே இல்லாதவர்களும் தலைமயிர் உதிர்ந்து, இரத்தம் கசிந்து மடிவதை மருத்துவமனையில் கண்டார். செப்டம்பர் 5 அன்று லண்டன் டெய்லி எக்ஸ்பிரஸ் அச்செய்தியை வெளியிட்டது. நான்கு நாட்கள் கழித்து, குண்டு முதன்முதலில் சோதிக்கப்பட்ட நியூமெக்சிகோ பாலைவனத்துக்கு நிருபர்களைப் படை அதிகாரிகள் அழைத்துச் சென்றார்கள். அங்கே குரோவ்ஸ் முதலியோர் காலணிகளின் மேல் வெள்ளை உறை அணிந்து நின்ற நிழற்படம் இன்றும் இருக்கிறது. கதிரியக்கம் கொண்ட மண் ஒட்டாதிருக்கவே அந்த உறை! ஆயினும், கதிர்வீச்சால் மக்கள் இறப்பதாக ஜப்பானியர் கூறுவதை அந்த இடமே பொய்யாக்குகிறது என்னும் கருத்தில் லாரன்ஸின் கட்டுரை செப்டம்பர் 12 அன்று வெளிவந்தது.

1946 இல், நாகசாகி நிகழ்ச்சியையும் அணுகுண்டையும் பற்றி எழுதியமைக்காக அவருக்கு மீண்டும் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதைத் திரும்பப் பெறவேண்டும் என்று 2004 இல் அமெரிக்கச் செய்தியாளர் இருவர் கோரினர். பரிசு திரும்பப் பெறப்படவில்லை.

லாரன்ஸ் அறியாதவர் அல்லர், சோம்பேறியும் அல்லர். போர்ப்பணியில் இருந்ததையும் பின்னர் அவர் மறைக்கவில்லை. தாம் எழுதவேண்டிய தரப்போடு ஒன்றாக அமர்ந்துவிட்டார் என்பதே அவர் தவறு. ‘உள்ளே போனால்தானே உண்மை தெரியும்?’ என்று அவர் எண்ணியிருக்கலாம். உள்ளே போனவருக்கு உள்ளிருப்போரின் கண்களே வாய்த்துவிடுகின்றன. அழைத்த இடத்திற்குச் சென்றவர் காலுறையைக் கண்டும் ஆபத்தைக் காணவில்லை. அழைப்பின்றிச் சென்றவர் நோயாளிகளைக் கண்டார்.

ஒரு சங்கம் இதைத் தடுத்துவிடுமா? எவருடைய பேனாவையும் சங்கம் பிடுங்க இயலாது. ஆனால் ஓர் எல்லைக்கோட்டைப் போட்டு, ‘இதுதான் எல்லை’ என்று எல்லோருக்கும் நினைவூட்ட இயலும். நிறுவனங்களுக்காக எழுதுவோரும் பத்திரிகைகளுக்காக எழுதுவோரும் ஒரே சங்கத்தில் எவ்வாறு இருப்பது என்ற வாதம் அச்சங்கத்தில் நெடுங்காலம் நடந்திருக்கிறது. 1972 இல் அறிவியலும் சமுதாயமும் பற்றிய எழுத்துகளுக்கு அது விருது வழங்கத் தொடங்கியபோது, எந்த வணிகத் தரப்பின் உதவித்தொகையும் இன்றியே அதை நடத்துவது என்று வைத்துக்கொண்டது. பாராட்டுகிற கையே பணம் வாங்கிய கையாக இருந்தால், அந்தப் பாராட்டுக்கு என்ன மதிப்பு?

வாசகர்களே! எஞ்சிய பொறுப்பு நம்முடையது. புதிய கருவியையோ, மருந்தையோ, செயற்கை நுண்ணறிவையோ புகழும் கட்டுரை கைக்கு வரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எழுதியவருக்குச் செலவு செய்தவர் யார்? அவர் தம் கண்ணால் கண்டது எது, சொல்லிக் கேட்டது எது? அந்தப் பொருளால் துன்புற்றவர் எவரையேனும் அவர் விசாரித்தாரா?

அந்த மாணவரிடமும் இவற்றையே சொன்னேன். மறுவாரம் வந்தார். அதே கைப்பேசியை வைத்திருக்கும் இருவரைத் தேடிப் பிடித்து விசாரித்திருக்கிறார். ஒருவர் நன்று என்றாராம். மற்றவர் கோடையில் கையே சுடுகிறது என்றாராம். "அந்தக் கட்டுரையில் சூட்டைப் பற்றி ஒரு வரி கூட இல்லை, ஹஜ்ரத்" என்றார்.

வாங்குவதா வேண்டாமா என்பதை இனி அவர் முடிவு செய்துகொள்வார்.