ராஜினாமா செய்யத் தெரிந்த ஒரு தூதர்

"உள்ளே இருந்தாத்தான் எதையாவது மாத்த முடியும், வெளியே போய் என்ன சாதிக்கப் போறே?"

தப்பான தலைமைக்குக் கீழே வேலை பார்க்கும் நல்லவர்கள் வழக்கமாகச் சொல்லும் வாதம் இது. கேட்கவும் நியாயமாகத்தான் இருக்கும். இதை யாராவது சொன்னால் எனக்கு உடனே ஞாபகம் வருபவர் ஒரு இத்தாலியப் பிரபு. பெயர் கார்லோ ஸ்ஃபோர்ஸா. முசோலினியைத் தெரிந்த அளவுக்கு நமக்கு இவரைத் தெரியாது. அதனால் முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடுவோம்.

மிலான் நகரை ஒரு காலத்தில் ஆண்ட ஸ்ஃபோர்ஸா வம்சத்தின் ஒரு கிளையில் வந்தவர். 'கடைசி விருந்து' ஓவியத்தை வரையச் சொல்லி லியனார்டோ டாவின்சியை அமர்த்திய லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவும் அதே வம்சம்தான். இவர் 1896-ல் வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். கெய்ரோ, பாரிஸ், கான்ஸ்டான்டிநோபிள் என்று ஊர் ஊராகச் சுற்றினார். 1911 முதல் 1915 வரை சீனாவில் தூதர். சீனாவில் மன்னராட்சி முடிவுக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான். முதல் உலகப் போரில் செர்பிய அரசு நாட்டை இழந்து கிரேக்கத்தின் கோர்ஃபு தீவில் தஞ்சம் புகுந்தபோது, அங்கே இத்தாலியின் பிரதிநிதியாக இருந்தார். இந்தக் கோர்ஃபு என்ற பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

1920-ல் ஜியோலிட்டி பிரதமரானபோது ஸ்ஃபோர்ஸா வெளியுறவு அமைச்சர் ஆனார். அதே வருடம் நவம்பர் 12-ம் தேதி பக்கத்து நாட்டுடன் (பின்னாளில் யூகோஸ்லாவியா என்று பெயர் மாறிய நாடு) ராப்பல்லோ ஒப்பந்தம். ஸாரா நகரையும் சில தீவுகளையும் தவிர டால்மேஷியா கடற்கரை இத்தாலிக்கு வேண்டாம், ஃபியூமே நகரம் தனி சுதந்திர நாடாக இருக்கட்டும் என்று முடிவானது. தேசியவாதிகள் கொதித்துப் போனார்கள். ஏற்கெனவே 1919-ல் டானுன்ஸியோ என்ற கவிஞர் ஒரு படையைத் திரட்டிக்கொண்டு போய் ஃபியூமேவைப் பிடித்து வைத்திருந்தார். 1920 டிசம்பரில் இத்தாலிய ராணுவமே போய் அவரை வெளியேற்ற வேண்டியதாயிற்று. நிலத்தை விட்டுக்கொடுத்த துரோகி என்ற பட்டம் ஸ்ஃபோர்ஸாவுக்கு. ஆனால் மன்னர் அவருக்கு இத்தாலியின் மிக உயர்ந்த விருதான 'அனுன்ஸியாட்டா' மாலையைக் கொடுத்தார். அதை வாங்கியவர் மரபுப்படி மன்னருக்கே உறவினர் முறை!

இனிதான் முக்கியமான இடம். 1922-ல் அவர் பாரிஸில் தூதர். அக்டோபர் கடைசியில் முசோலினி பிரதமர் ஆகிறார். ஸ்ஃபோர்ஸா உடனே ராஜினாமா செய்கிறார். தொடரச் சொல்லி முசோலினி கேட்டும் பயனில்லை. பெர்லினில் தூதராக இருந்த ஃப்ராஸ்ஸாட்டியும் விலகினார். பெரும்பாலான மற்ற அதிகாரிகள் நாற்காலியை விடவில்லை.

அப்படி இருந்தவர்களில் ஒருவர் சால்வத்தோரே கொன்டாரினி. வெளியுறவு அமைச்சகத்தின் செயலாளர் நாயகம், கெட்டிக்காரர், யோக்கியர். முசோலினிக்கு அனுபவம் இல்லை, பக்கத்தில் இருந்து வழிக்குக் கொண்டுவந்துவிடலாம் என்பது அவர் கணக்கு. ஒரு வருடம்கூட முழுதாக ஓடவில்லை. 1923 ஆகஸ்ட் 31-ல் முசோலினியின் கடற்படை குண்டு வீசியது. எங்கே? அதே கோர்ஃபு தீவில். கொன்டாரினி சில விஷயங்களைத் தடுத்தார் அல்லது தள்ளிப்போட்டார் என்பது உண்மை. 1924-ல் யூகோஸ்லாவியாவுடன் ஒரு சமாதான ஒப்பந்தம் வந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. ஆனால் 1926-ல் அவரும் வெளியேறினார். அதற்குள் சர்வாதிகாரம் நன்றாக வேர் விட்டுவிட்டது. அந்த வேருக்குத் தண்ணீர் ஊற்றியவர்களில் இந்தக் கெட்டிக்கார அதிகாரிகளும் உண்டு. "பெரிய மனுஷங்களே கூட இருக்காங்க, ஆட்சி அவ்வளவு மோசமா இருக்காது" என்று ஐரோப்பா நம்ப அவர்களும் ஒரு காரணம்.

"சரி, ஸ்ஃபோர்ஸா ராஜினாமா செய்து முசோலினி விழுந்துவிட்டாரா?" என்று கேட்பீர்கள். இல்லை. செனட்டில் சில வருடம் எதிர்த்துப் பேசினார். அப்புறம் நாட்டைவிட்டே போக வேண்டியதாயிற்று. பெல்ஜியம், பிரான்ஸ், கடைசியில் அமெரிக்கா என்று வெளிநாடுகளில் பல வருடங்கள். புத்தகம் எழுதினார், சொற்பொழிவு செய்தார். 1943 அக்டோபரில் திரும்பி வந்தபோதும் சும்மா இருக்கவில்லை. ஃபாசிசத்துக்குத் துணைபோன மன்னர் விலக வேண்டும் என்றார். அதே மன்னர்தான், மாலை கொடுத்து உறவு முறை ஆக்கியவர்! இதனால் சர்ச்சிலுக்கு இவரைக் கண்டாலே ஆகாது. 1944 கடைசியில் இவர் வெளியுறவு அமைச்சர் ஆவதை பிரிட்டன் தடுத்தது.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு 'குட்வில்' தெரியும். நிறுவனத்தின் நற்பெயர். அன்றாட வியாபாரத்தில் அது கண்ணில் படாது. நிறுவனத்தை இன்னொருவர் விலை பேச வரும்போதுதான் அதன் மதிப்பு தெரியும். தோற்றுப்போன இத்தாலியை 1947-ல் உலகம் விலை பேசிக்கொண்டிருந்தது. அந்த வருடம் பிப்ரவரியில் ஸ்ஃபோர்ஸா மறுபடியும் வெளியுறவு அமைச்சர் ஆனார். கடுமையான சமாதான ஒப்பந்தம். இஸ்ட்ரியாவின் பெரும்பகுதி போயிற்று, காலனிகள் போயின. தத்துவஞானி குரோச்சே போன்ற பெரியவர்களே அதை ஏற்கக் கூடாது என்றார்கள். ஏற்றுக்கொண்டால்தான் மறுபடி உலகத்தோடு சமமாக உட்கார முடியும் என்று ஸ்ஃபோர்ஸா வாதாடி நிறைவேற்ற வைத்தார். 1949 ஏப்ரல் 4-ல் நேட்டோ ஒப்பந்தத்தில் இத்தாலிக்காகக் கையெழுத்திட்டவர் அவர். 1951 ஏப்ரல் 18-ல், இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் விதையான நிலக்கரி எஃகு சமூகத்தின் ஒப்பந்தத்திலும் அவர் கையெழுத்து உண்டு. முசோலினிக்கு இருபது வருடம் சேவை செய்த ஒருவரை அந்த மேஜையில் யார் நம்பியிருப்பார்கள்? 1922-ல் எழுதிய ராஜினாமா கடிதத்துக்கு இத்தாலி 1947-க்குப் பிறகு பலன் வாங்கியது என்றுதான் நான் சொல்வேன்.

அவரை மகானாக்க வேண்டாம். ராப்பல்லோ ஒப்பந்தத்திலேயே லட்சக்கணக்கான ஸ்லோவேனியர்களும் குரோஷியர்களும் இத்தாலியின் கீழ் மாட்டிக்கொண்டார்கள். 1949-ல் பிரிட்டனின் பெவினோடு சேர்ந்து லிபியாவை மூன்றாகப் பிரித்து, திரிபோலி பகுதியை இத்தாலியின் பொறுப்பில் வைக்கத் திட்டம் போட்டார். திரிபோலியில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். ஐ.நா.வில் ஒரே ஒரு ஓட்டு குறைந்ததால் திட்டம் கவிழ்ந்தது. அந்த ஓட்டை எதிராகப் போட்டவர் ஹைட்டி நாட்டுப் பிரதிநிதி. 1951-ல் லிபியா சுதந்திரம் பெற்றது. சொந்த நாட்டு சர்வாதிகாரியை எதிர்த்தவருக்கு லிபியா மக்களின் விருப்பம் பெரிதாகத் தெரியவில்லை.

இன்னொரு ஆட்சேபம் இருக்கிறது. பிரபு குடும்பம், வம்சப் பெயர், வெளிநாடுகளில் பழக்கம் எல்லாம் இருந்தால் யாரும் ராஜினாமா செய்யலாமே? மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் குமாஸ்தா என்ன செய்வார்? ரொம்பச் சரியான கேள்வி. குமாஸ்தாவை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்ஃபோர்ஸா மாதிரி விலகினாலும் சோற்றுக்குக் கஷ்டப்படாதவர்கள் அன்றைக்கு அந்த அமைச்சகத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். அப்போது தூதர் வேலையே பெரும்பாலும் பிரபுக்களின் வேலைதான். அவர்கள் போகவில்லை. "உள்ளே இருந்து மாத்தறோம்" என்று சொல்லும் உரிமை அவர்களுக்குக் கொஞ்சமும் கிடையாது என்பதே என் கட்சி.

நீங்கள் கொன்டாரினி கட்சியா, ஸ்ஃபோர்ஸா கட்சியா? யோசித்துப் பாருங்கள். கொன்டாரினி கட்சி என்றால் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வைத்துக்கொள்ளுங்கள். கோர்ஃபுவில் குண்டு விழுந்த மறுநாள் காலையில் ஆபீஸுக்குப் போய் என்ன செய்வீர்கள்?