ஆறு ரூபாய்ப் படகும் காயலில் கூடிய மாநாடும்

பாலாற்றுக்கும் வேகவதிக்கும் பக்கத்தில் வாழ்கிறவர்கள் நாங்கள். ஆனாலும் பெரிய காஞ்சிபுரத்திலும் அதைச் சுற்றியுள்ள சேரிகளிலும் வளர்ந்த எங்களில் பலர் இருபது வயது வரை ஒரு படகில் கால் வைத்ததில்லை. பாலாறு எங்களுக்கு மணல், கிரிக்கெட், மணல் லாரி. 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு வெள்ளம் வந்தபோது பாலத்துக்குப் போய் நின்று பார்த்தோம், அவ்வளவுதான். வேகவதியைப் பற்றிச் சொல்ல வேண்டாம். அதன் கரையில் குடிசை போட்டிருந்தவர்களைக் கீழ்க்கதிர்ப்பூர் அடுக்குமாடிகளுக்கு அனுப்புகிற பேச்சு வரும்போதுதான் அது ஆறு என்பதே ஊருக்கு நினைவு வருகிறது.

காஞ்சியில் நாங்கள் பார்த்த ஒரே மிதவை, கோயில் தெப்பம். அதில் சாமி ஏறும், பட்டர்கள் ஏறுவார்கள், நாதசுரம் ஏறும். சனம் படிக்கட்டில் நின்று பார்க்கும். தறியில் ஓடுகிற நாடாவுக்கு ஓடம் என்றும் ஒரு பெயர் உண்டு என்று ஒரு தோழரின் தாத்தா சொல்வார். அவர் நாள் முழுக்க ஓட்டிய ஓடம் அது ஒன்றுதான்.

போன வருடம் வன்கொடுமை வழக்குகளைப் பின்தொடர்வது குறித்த ஒரு பயிலரங்குக்காக எங்களில் பதினொரு பேர் எர்ணாகுளம் போனோம். இரண்டாம் நாள் மாலை வகுப்பு சீக்கிரம் முடிந்துவிட்டது. படகுத்துறைக்கு நடந்து போய், ஆளுக்கு ஆறு ரூபாய் டிக்கெட் எடுத்து, வைப்பீன் போகிற அரசுப் படகில் ஏறினோம். இது சுற்றுலாப் படகு இல்லை. கேரள மாநில நீர்ப் போக்குவரத்துத் துறை ஓட்டுகிற, நம் ஊர் டவுன் பஸ் மாதிரியான படகு. மீன் கூடையோடு ஒரு அம்மா, சீருடையில் நாலு பிள்ளைகள், தூங்கி வழிகிற ஒரு அலுவலக ஊழியர். மரப்பலகை இருக்கை, டீசல் வாடை, முகத்தில் உப்புக்காற்று. யாரும் எங்களைப் பார்த்து "எந்த ஊரு, எந்தத் தெரு?" என்று கேட்கவில்லை. இறங்கியதும் திரும்ப வரிசையில் நின்று, அதே படகில் திரும்பி வந்தோம். எந்த வேலையும் இல்லாமல், சும்மா.

அந்தப் படத்தை ஒரு தங்கை வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். பத்து நிமிடத்தில் ஒரு மூத்த தோழரிடமிருந்து அழைப்பு. "இங்க குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகாம கெடக்குது, நீங்க அங்க படகு சவாரி போறீங்களா?"

அவர் கேட்டது தப்பில்லை. இருபத்தைந்து வருடமாகக் காவல் நிலைய வாசலிலும் அரசு மருத்துவமனைப் பிணவறை வாசலிலும் நின்றவர் அவர். ஆனால் அந்தக் கேள்வி எங்கள் பிள்ளைகளின் முகத்தை என்ன செய்தது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தோம். படம் போட்ட தங்கை அதை அழித்துவிட்டாள். ஏதோ திருடியது போல உட்கார்ந்திருந்தாள். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் அந்தத் தண்ணீரின் கதை. மகத் நம் எல்லோருக்கும் தெரியும்: 1927 மார்ச் 20, சவுதார் குளம், பாபாசாகேப் அள்ளிய ஒரு கை நீர். அதற்குப் பதினான்கு வருடம் முன்பு, 1913இல், நாங்கள் போன இதே கொச்சிக் காயலில் புலையர் மக்கள் ஒரு மாநாடு நடத்தினார்கள். நிலத்தில் கூடுவதற்கு அவர்களுக்கு இடம் கிடையாது. எர்ணாகுளத்துப் பொதுவீதியில் நடக்கவே தடை இருந்த காலம். சரி, மண்தானே உங்களுடையது, தண்ணீர் யாருடையது என்று முடிவு செய்தார்கள். வள்ளங்களைக் கொண்டுவந்து காயலில் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டி, அதையே பந்தலும் மேடையும் ஆக்கிக் கூட்டம் போட்டார்கள். போல்காட்டித் தீவை ஒட்டிய பகுதியில் நடந்ததாகச் சொல்வார்கள். மீனவர் சமூகத்தில் பிறந்த பண்டிட் கருப்பன் கூட நின்றார். 'சாதிக்கும்மி' எழுதியவர் அவர். கிருஷ்ணாதி முன்னணியில் இருந்தார். கொச்சி புலையர் மகாசபை பிறந்தது அந்த முயற்சியில்தான்.

போல்காட்டியை ஒட்டிய முளவுகாட்டில்தான் 1912இல் தாட்சாயணி வேலாயுதன் பிறந்தார். அரசியல் நிர்ணய சபையில் இருந்த ஒரே தலித் பெண் அவர். 1948 நவம்பர் 29 அன்று தீண்டாமை ஒழிப்புப் பிரிவு விவாதத்துக்கு வந்தபோது அந்த அவையில் எழுந்து பேசியவர்களில் ஒருவர். நாங்கள் போன படகின் வலப்பக்கம் போல்காட்டியும் வல்லார்பாடத்துக் கிரேன்களும் தெரிந்தன. இந்தக் கதை தெரிந்தது எங்களில் இரண்டே பேருக்கு. மற்ற ஒன்பது பேரும் படகிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். எந்த வகுப்பறையிலும் அவர்கள் அப்படிக் காது கொடுத்து நாங்கள் பார்த்ததில்லை. (வைப்பீனில் இறங்கி வடக்கே போனால் செராய். 1917இல் சகோதரன் அய்யப்பன் சமபந்தி போட்டு, 'புலையன் அய்யப்பன்' என்று வசவு வாங்கிய ஊர். அன்று அதுவரை போக நேரம் இல்லை.)

தண்ணீர் நம் மக்களுக்குப் புதிதல்ல. வேம்பநாட்டுக் காயலில் கட்டை அடித்து, சேறு சுமந்து, வரப்பு கட்டி நெல்வயல் ஆக்கியது புலையர்களின் உடல்கள். நம் பாலாற்றின் மேல்பகுதியில், வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும், தோல் பதனிடும் தொட்டிக்குள் இறங்கியவர்களில் மிகப் பலர் நம் உறவுகள். வேலைக்காகத் தண்ணீரில் நிற்கலாம், இடுப்பளவு, கழுத்தளவு. அதன் மேல் உட்கார்ந்து காற்று வாங்குவதற்குத்தான் நமக்கு இடமில்லாமல் இருந்தது.

சாதி நம் உழைப்பை மட்டும் பிடுங்கவில்லை. நாம் மகிழ்ச்சியாக இருப்பதைப் பார்த்துத்தான் அதற்கு ரத்தம் கொதிக்கிறது. சந்தேகம் இருந்தால் சட்டத்தைப் படியுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் கொண்டுவந்து 2016 சனவரி 26இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் எதையெல்லாம் குற்றமாகச் சேர்த்திருக்கிறது? பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுத்தால், செருப்போ புதுத்துணியோ போடுவதைத் தடுத்தால், கல்யாண ஊர்வலத்தில் குதிரை ஏறுவதைத் தடுத்தால் குற்றம். நாடாளுமன்றம் உட்கார்ந்து சட்டம் போட வேண்டிய அளவுக்கு இந்த நாட்டில் நம் புதுச்சட்டை சிலரை உறுத்துகிறது. அதற்கும் முன்னால் வந்த 1955ஆம் ஆண்டு தீண்டாமைச் சட்டத்தை, இப்போது குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்கிறோமே, அதை எடுத்துப் பாருங்கள். நான்காம் பிரிவில் ஆறு, ஓடை, குளம், படித்துறை வருகின்றன. பொதுப் போக்குவரத்து வருகிறது. கேளிக்கை இடங்களும் வருகின்றன. 'இடம்' என்றால் என்ன என்று விளக்குகிற வரியில் வீடு, கட்டடம், கூடாரம், வாகனம் என்று சொல்லிவிட்டு நீரில் செல்லும் கலத்தையும் சேர்த்திருக்கிறார்கள். பயிலரங்கில் இந்த வரியை யாரும் நடத்தவில்லை. விடுதிக்குத் திரும்பிய பிறகு நாங்களே தேடிப் படித்தோம்.

ஓய்வைப் பற்றிப் பாபாசாகேப் எழுதியதையும் இளையவர்கள் படிக்க வேண்டும். காந்தியின் இயந்திர எதிர்ப்பை மறுத்து 1945இல் வந்த நூலில், மனிதன் விலங்கைப் போல உழன்று கிடக்காமல் பண்பாட்டோடு வாழ ஓய்வு வேண்டும், அந்த ஓய்வைத் தருவது இயந்திரம் என்று வாதிடுகிறார். ஓய்வு அவருக்குச் சோம்பேறித்தனம் இல்லை, அரசியல் கோரிக்கை. வயலின் கற்றுக்கொள்ள நேரம் ஒதுக்கியவரும் அவர்தான். நம்மில் எத்தனை பேர் அவர் படத்தை மேசையில் வைத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை தூங்கினதற்குக் குற்ற உணர்ச்சி கொள்கிறோம்? களத்துக்கு வந்த மூன்றாம் வருடமே உடைந்து போய், போனை எடுக்காமல், ஊரை விட்டே போன பிள்ளைகளின் பெயர்கள் அந்த மூத்த தோழருக்கும் தெரியும்.

இன்னொன்று, காசு. நம் பக்கம் முட்டுக்காட்டில் படகுக் குழாம் இருக்கிறது. குடும்பமாக ஏறினால் ஒரு தறித் தொழிலாளியின் அன்றைய கூலி காலி. கொச்சியில் ஆறு ரூபாய்க்கு அது கிடைப்பது, அந்தப் படகு பொழுதுபோக்குக்காக இல்லாமல் போக்குவரத்துக்காக ஓடுவதால்தான். மின்சாரத்தில் ஓடும் குளிர்சாதன வாட்டர் மெட்ரோ 2023 ஏப்ரலில் வந்தது. நன்றாகத்தான் இருக்கிறது, டிக்கெட் இருபது ரூபாயில் தொடங்குகிறது. பழைய படகை நிறுத்தாமல் இருக்கிறவரைக்கும் எங்களுக்கு அதில் வருத்தமில்லை. பொதுப் பேருந்து, பொதுப் படகு, பொதுப் பூங்கா, இவற்றைக் காப்பாற்றுவதும் சாதி ஒழிப்பு வேலைதான் என்று நாம் ஏன் துண்டறிக்கையில் எழுதுவதில்லை?

மூத்த தோழரோடு காஞ்சி திரும்பியதும் உட்கார்ந்து பேசினோம். டீ ஆறிவிட்டது, அவர் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. குற்றப்பத்திரிகைக்காக அடுத்த வாரமே அவரோடு நாங்கள் எஸ்.பி. அலுவலகம் போனோம். அதுவும் நடந்தது. கிளம்பும்போது மெதுவாகக் கேட்டார், "அந்தப் படகு ரொம்ப ஆடுமா?"

அடுத்த பயிலரங்கும் எர்ணாகுளத்தில்தான். நிகழ்ச்சி நிரல் தயார். சனிக்கிழமை நாலு மணி முதல் ஆறு மணி வரை 'படகு' என்று மட்டும் எழுதியிருக்கிறோம். வருகிறவர்கள் பன்னிரண்டு ரூபாய் சில்லறையாகக் கொண்டு வரவும்.