ரப்பர் கொட்டையும் ஒட்டுப்பால் பந்தும்

புக்கிட் ரோத்தான் வட்டாரத் தோட்டங்களில் பிறந்த தோழர்களே! இரண்டு ரப்பர் கொட்டைகளை உள்ளங்கைகளுக்கிடையே வைத்து அமுக்கி, எது உடையும் என்று பந்தயம் கட்டியது நினைவிருக்கிறதா? வெட்டுக்கோட்டில் உறைந்த ஒட்டுப்பாலை இழை இழையாக உரித்துச் சுற்றிப் பந்து செய்தோம். காலிப் பால் டின்னில் வண்டி செய்து இழுத்தோம்.

வறுமையைப் போற்ற இதை எழுதவில்லை. கடைப் பொம்மை வாங்கச் சம்பளம் போதவில்லை என்பதே உண்மை. லயம் கம்பெனியுடையது, மரமும் கம்பெனியுடையது. ஒட்டுப்பாலும் நிறுவைக்குப் போவதே. எடுத்தால் கங்காணி அதட்டுவார். அந்தக் கைவேலை ஒன்றுதான் நம்முடையது.

1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர் கன்றுகளுக்கு வரலாறு உண்டு. மெக்சிகோவின் எல் மனாத்தி சதுப்பில் கிடைத்த ரப்பர் பந்துகள் 3,500 ஆண்டுகளுக்கு முந்தியவை. அவற்றையும் ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். நம் பந்து எங்கே? ரப்பரை அழித்துச் செம்பனை நட்டு, லயத்தைக் காலி செய்தபோது குப்பையோடு போயிற்று.

மிஞ்சியதை எறியாதீர்கள். பேரப்பிள்ளைகளுக்குச் செய்து காட்டுங்கள். தமிழ்ப் பள்ளியில் ஓர் அலமாரி கேட்டு, செய்தவர் பெயரும் தோட்டத்தின் பெயரும் எழுதி வையுங்கள். நாம் உழைத்த நாட்கள் கிராணியின் செக்ரோலில் பதிந்தன. நம் பிள்ளைகள் விளையாடிய நாட்களை நாமே பதிய வேண்டும்.